தெனியூவைத் தொலைத்த நகரம்

புனிதர் சரிதங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே இலக்கிய வாசகர்களிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. எல்லாம் கட்டுக்கதை, ஒதுக்கிவிடுங்கள் என்பது ஒன்று. அக்காலத்துப் பிரதியை அக்காலத்து அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதற்குரலோடு மல்லுக்கு நிற்க நமக்கு நேரமில்லை. இரண்டாவது குரல் பண்பட்டதாக ஒலிக்கிறது. ஆகவேதான் அதை மறுத்தாக வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் புனித கென்டிகர்ன் சரிதத்தை முன்வைத்தே மறுக்கிறோம்.

கென்டிகர்ன், செல்லப்பெயரில் மங்கோ, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தவர்; கிளாஸ்கோவின் காவல் புனிதர். அங்குள்ள பேராலயத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய கல்லறை உள்ளது. நகரச் சின்னத்தின் பறவை, மரம், மணி, மீன் நான்கும் அவர் கதையிலிருந்து வந்தவை. மோதிரத்தைக் கவ்விய அந்த மீன் நமக்குச் சாகுந்தலத்தை நினைவூட்டும்.

அவருடைய தாய் தெனியூ. அரசன் மகள். கருவுற்ற குற்றத்துக்காகத் தந்தையே அவளை மலையுச்சியிலிருந்து தள்ளச் செய்தான் என்கிறது கதை. அம்மலை எடின்பரோவுக்குக் கிழக்கேயுள்ள டிராப்ரெய்ன் லா என்பர். உயிர் தப்பியவளைத் தோல்படகில் ஏற்றிக் கடலில் விட்டார்கள். படகு கூரஸ் கரையில் ஒதுங்கியது. மகன் அங்கே பிறந்தான். அவ்விடத்தில் 1503இல் எழுப்பப்பட்ட சிற்றாலயத்தின் இடிபாடுகளை இன்றும் காணலாம்.

அவளைக் கருவுறச் செய்தவன் யார்? 12ஆம் நூற்றாண்டின் இறுதியில், பேராலயத்தைப் புதுக்கிக் கட்டிக்கொண்டிருந்த ஆயருக்காகச் சரிதம் எழுதிய ஃபர்னஸ் மடத்துத் துறவி ஜோஸ்லின், இக்கேள்வியே வீண் என்கிறார். அவள் மயக்கமருந்து உண்டிருக்கலாம் என்று ஊகித்துவிட்டுக் கடந்துபோகிறார்.

காலத்தின் இயல்பு அது என்பீர்கள். இல்லை. அதே கிளாஸ்கோவில், சில பத்தாண்டுகளுக்கு முன்பு, ஆயர் ஹெர்பர்ட்டின் காலத்தில் (1147–1164) எழுதப்பட்ட இன்னொரு சரிதத்தின் முற்பகுதி மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. பெண்வேடமிட்டு வந்த இளவரசன் ஒருவன் அவளை வன்கொடுமை செய்தான் என்று அது ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. ஆக, சொல்ல அக்காலத்துக்கு நா இருந்தது. மௌனம் காலத்தினுடையதன்று, ஜோஸ்லினுடையது. முந்தைய சரிதத்தில் அவர் கண்ட குறைகளில் ஒன்றாகவே இதுவும் இருந்திருக்கலாம் என்று ஐயுறுகிறோம்.

அதன் பின்கதையைக் கிளாஸ்கோ தெருவில் வாசிக்கலாம். தெனியூவுக்கும் அங்கே ஒரு சிற்றாலயம் இருந்தது. மக்கள் நாவில் தேய்ந்து அவள் பெயர் 'செயின்ட் ஈனக்' ஆனது. அதாவது விவிலியத்து ஏனோக்கு, ஓர் ஆண். அப்பெயரில் 1876இல் ரயில் நிலையம் வந்தது. 1966இல் மூடி, 1977இல் இடித்தார்கள். 1989இல் அவ்விடத்தில் வணிக வளாகம் திறந்தார்கள். மகனுக்குப் பேராலயம். தாய்க்கு, அவளுடையதல்லாத பெயரில் ஒரு சதுக்கமும் சுரங்கரயில் நிறுத்தமும்.

பெயர் தேய்ந்ததற்கு யாரையும் குற்றம் சாட்ட முடியாது. கேள்வியை வீண் என்றவரைச் சாட்டலாம். காலத்தின் மீது பழியைப் போட்டு எழுதியவனை விடுவிப்பது வாசிப்பன்று. அவனுடைய மௌனத்துக்கு நாமும் உடன்படுவது.