தழும்பு சின்னது, முறிவு சின்னதல்ல

தோட்டங்களில் இப்போது ஒரு புதிய அளவுகோல் வந்திருக்கிறது. மலையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட தொழிலாளி, சத்திரசிகிச்சை முடிந்து லயத்துக்குத் திரும்பி வருகிறார். காலில் சின்னச் சின்னதாய் மூன்று நான்கு தழும்புகள். அதைப் பார்த்துவிட்டு நிர்வாகம் லீவை அளக்கிறது. "இவ்வளவு சின்ன வெட்டுதானே, எப்போது பிரட்டுக்கு வருவாய்?" என்று கேட்கிறது. நட்டஈடு என்று வாயெடுத்தால், "இதற்குமா?" என்கிறது.

தோழர்களே, இந்த அளவுகோல் பொய்யானது. தோலில் இருப்பது வைத்தியர் போட்ட வெட்டு. உள்ளே இருப்பது மலை போட்ட முறிவு. முதலாவதை வைத்து இரண்டாவதை அளக்க எந்தத் துரைக்கும் உரிமை கிடையாது. இதை எதிர்த்துப் பேச வேண்டுமானால், அந்தச் சிகிச்சையில் என்ன நடக்கிறது என்பது முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முன்பு கால் முறிந்தால் மாவுக்கட்டு, அல்லது கட்டிலில் படுக்கவைத்து எடை கட்டித் தொங்கவிடுவது. எலும்பு பொருந்தும்வரை மாதக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். எலும்பு பொருந்தினாலும் மூட்டு விறைத்து, தசை வற்றி, பழைய வேலைக்குத் திரும்ப முடியாமல் போனவர்கள் ஏராளம். இதை மாற்ற வேண்டும் என்றுதான் 1958 இல் சுவிட்சர்லாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர்கள் சிலர் ஒன்றுசேர்ந்தார்கள். முறிந்த இடத்தைத் திறந்து, துண்டுகளைச் சரியாகப் பொருத்தி, உலோகப் பிளேட் வைத்து ஸ்குரூவால் இறுக்கி, மூட்டை உடனே அசைக்கவிடும் முறையை அவர்கள் உலகெங்கும் பரப்பினார்கள்.

அதிலும் ஒரு கேடு இருந்தது. துண்டுகளைப் பொருத்துவதற்காக நீளமாக வெட்டித் தசையை விலக்கி, எலும்பைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வையும் உரிக்க வேண்டியிருந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் மறுபடி தளிர்க்கும். பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் பட்டுப்போகும். இது உங்களில் எவருக்கும் நான் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல. எலும்பும் அப்படித்தான். அந்தச் சவ்வு வழியாகவும் சுற்றியுள்ள தசை வழியாகவும்தான் முறிந்த துண்டுகளுக்கு இரத்தம் வருகிறது. அது அறுந்தால் எலும்பு பொருந்தத் தாமதமாகும். கிருமி தொற்றினால் சீழ் பிடிக்கும்.

1990களில் ஜெர்மனியின் ஹனோவரில் கிரெட்டெக் போன்ற வைத்தியர்கள் வேறு வழியை வளர்த்தார்கள். முறிந்த இடத்தைத் திறப்பதில்லை. அதற்கு மேலே ஒரு சிறு வெட்டு, கீழே ஒரு சிறு வெட்டு. ஒரு வெட்டு வழியாகப் பிளேட்டை உள்ளே விட்டு, தசைக்கு அடியில் எலும்பையொட்டி நகர்த்தி மறுமுனைக்குக் கொண்டுபோகிறார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே இருக்கும் எக்ஸ்ரே இயந்திரத்தின் திரையைப் பார்த்துக் காலின் நீளத்தையும் நேரையும் சரிசெய்து, சிறு துளைகள் வழியே ஸ்குரூ போடுகிறார்கள். 2000 ஆம் ஆண்டையொட்டி வந்த பூட்டுப் பிளேட்டுகளில் ஸ்குரூவின் தலை பிளேட்டிலேயே மரைபிடித்துப் பூட்டிக்கொள்ளும். வயதானவர்களின் பொறுபொறுத்த எலும்பிலும் அது நன்றாகப் பிடிக்கும்.

எல்லா முறிவுக்கும் இதுவே மருந்து என்றில்லை. தொடை எலும்பு, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு இவற்றின் நடுப்பகுதி முறிந்தால், எலும்பின் உள்ளே நீண்ட கம்பி செலுத்துவதே பெரும்பாலும் சிறந்தது. முழங்காலுக்கோ கணுக்காலுக்கோ அருகில் முறிந்தால்தான் இந்தப் பிளேட் முறையின் பயன் அதிகம். மூட்டுக்குள்ளேயே வெடிப்பு ஓடியிருந்தால் அந்த இடத்தைத் திறந்து மயிரிழை பிசகாமல் பொருத்த வேண்டிவரும். எது எவருக்குப் பொருந்தும் என்று முடிவெடுக்க வேண்டியவர் எலும்பு முறிவு நிபுணர். கங்காணியும் அல்ல, கணக்கப்பிள்ளையும் அல்ல.

இனி நிர்வாகம் மறைக்கும் விஷயத்துக்கு வருவோம். தோலில் போட்ட தையல் சுமார் இரண்டு வாரத்தில் பிரிக்கப்படும். எலும்புக்கு அந்தக் கணக்குச் செல்லாது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு வளர்ந்தவர்களுக்குப் பொருந்த நான்கு முதல் ஆறு மாதம் பிடிப்பது வழக்கம். சிலருக்கு அதற்கும் மேலாகும். கணுக்காலுக்கு அருகில் தசை குறைவு, இரத்தமும் குறைவு. அங்கே இன்னும் மெதுவாகத்தான் கூடும். வெட்டு சின்னதாக இருப்பதால் இரத்த ஓட்டம் காக்கப்படுகிறது. கிருமி தொற்றும் ஆபத்தும் குறைகிறது. அதற்காக எலும்பு இரண்டு வாரத்தில் ஒட்டிவிடுவதில்லை.

இந்த முறையில் முறிந்த இடத்தைக் கல்லாக இறுக்குவதும் இல்லை. சிறு அசைவுக்கு இடம் விட்டுத்தான் பிளேட் பொருத்தப்படுகிறது. அந்த அசைவுதான் முறிவைச் சுற்றிப் புதிய எலும்பு வளரத் தூண்டுகிறது. அது வளர்ந்து கெட்டியாகும்வரை சுமை முழுவதும் பிளேட்டின் மேல். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்னவாகும் என்று பிள்ளைகளுக்கே தெரியும். ஒருநாள் பட்டென்று உடையும். பிளேட்டும் அப்படித்தான் உடையும், ஸ்குரூவும் கழன்று வரும். பிளேட் எலும்புக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை. எலும்புக்குப் பதிலாள் அல்ல.

அப்படியிருக்க, இரண்டே மாதத்தில் கொழுந்துப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஈரச்சரிவில் ஏறச் சொன்னால் அதற்குப் பெயர் என்ன? வேலை கொடுப்பதா? இரண்டாவது முறை காலை உடைப்பதா?

என் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை ஆறு வாரம் பாடசாலைக்கு வரவில்லை. விசாரித்தபோது, அம்மா கான் தாண்டும்போது விழுந்து கணுக்காலுக்கு மேலே முறிந்து பிளேட் வைத்திருக்கிறது, வீட்டில் தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று தெரிந்தது. பார்க்கப் போன நாளில் அந்த அம்மா ஊன்றுகோலோடு அடுப்படியில் நின்றார். "காயந்தான் காஞ்சிருச்சே, சும்மா வீட்ல இருந்தா பேர் வெட்டிருவோம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க சேர். அரைப்பேராவது போட்டா சீட்டுக்காசு கட்டலாமேன்னு பாக்கிறேன்" என்றார். கிளினிக் துண்டை வாங்கிப் பார்த்தேன். அடுத்த எக்ஸ்ரே வரை காலில் பாரம் ஊன்றக் கூடாது என்று வைத்தியர் தெளிவாக எழுதியிருந்தார். அந்தத் துண்டைத் தோட்டத்தில் எவரும் கேட்கவே இல்லை. தழும்பைத்தான் பார்த்தார்கள். தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் அந்தத் துண்டோடு காரியாலயத்துக்குப் போய் நின்ற பிறகுதான் பேர் வெட்டும் பேச்சு அடங்கியது. பிள்ளையும் பாடசாலைக்குத் திரும்பினாள்.

நிர்வாகத்திடம் மூன்று பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும்.

"கவனமில்லாமல் நடந்து விழுந்தால் நாங்கள் பொறுப்பா?" என்பது முதலாவது. ஆம், பொறுப்புத்தான். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையால், வேலையின்போது நேர்ந்த விபத்துக்குத் தொழில்தருநர் நட்டஈடு தர வேண்டும். குடித்திருந்தார், பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறினார் என்பது வேறு. மழையில் கால் வழுக்கியது குற்றமல்ல. கான் மேல் போட்ட பலகை உக்கிப்போயிருந்தால் அது யார் கவனக்குறைவு?

"இலகு வேலை தருகிறோமே" என்பது இரண்டாவது. எங்கே இருக்கிறது அந்த இலகு வேலை? மலைக்கு ஏறிப்போய்த்தான் அதையும் செய்ய வேண்டுமென்றால் அது இலகு வேலை அல்ல. உட்கார்ந்து செய்யும் வேலையைக் காட்டட்டும். வைத்தியர் எழுத்தில் சம்மதிக்கட்டும். முழுப்பேர் போடட்டும். அதன்பின் பேசலாம்.

"வைத்தியசாலை இலவசம், உங்களுக்கு என்ன செலவு?" என்பது மூன்றாவது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பது இந்த நாட்டு மக்களின் வரிப்பணத்தால் வந்தது. அந்த வரியில் தேயிலையின் பங்கும் உண்டு. அது கம்பெனி தந்த தருமம் அல்ல. நாட்சம்பளக்காரனுக்குப் போன நாட்சம்பளம்தான் பெரிய செலவு. கிளினிக்குக்குப் போக வாடகை வண்டி, கூடப் போகிறவரின் ஒருநாள் பேர், லயத்தில் ஏறுகிற கடன், இவையெல்லாம் செலவில்லையா?

சிகிச்சைக்கு முன்னால் நடக்கும் அநியாயத்தையும் சொல்ல வேண்டும். எவ்வளவு நல்ல சத்திரசிகிச்சை வந்தாலும், முறிந்த காலைக் கட்டாமல் கொழுந்து லொறியின் பின்னால் போட்டுக் குலுக்கிக்கொண்டு போனால், முறிந்த எலும்பின் முனையே தசையையும் இரத்தக்குழாயையும் கிழித்துவிடும். எக்ஸ்ரேத் திரையும் எலும்பு முறிவு நிபுணரும் இருக்கும் வைத்தியசாலைக்குப் போய்ச்சேர வேண்டியவர், டிஸ்பென்சரியில் வலிமாத்திரையோடு அரைநாள் கிடக்கிறார். லொறி கொழுந்து ஏற்றிக் கீழே போகும் நேரம்தான் அவர் போகும் நேரம். கொழுந்து வாடக்கூடாது என்று இருக்கும் அவசரம் தொழிலாளியின் காலுக்கு ஏன் இல்லை?

நாம் செய்யக்கூடியதும் உண்டு. கால் முறிந்ததாகத் தெரிந்தால் இழுத்துப் பார்க்காதீர்கள், எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். முறிவுக்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் அசையாதபடி இரண்டு பக்கமும் பலகை வைத்துக் கட்டுங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். உள்ளே தள்ளாதீர்கள். கால்விரல் வெளிறிப்போனாலோ, மரத்துப்போனாலோ, விரலை அசைத்தால் உயிர்போகும் வலி எடுத்தாலோ ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் ஏறிச் சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். அதன்பின் எந்தப் பிளேட்டும் காலைக் காப்பாற்றாது. நாட்டு வைத்தியரிடம் போய்ப் பத்துப் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் கழித்து வைத்தியசாலைக்குப் போகும் பழக்கமும் நிற்க வேண்டும். அதற்குள் துண்டுகள் கோணலாக ஒட்டத் தொடங்கிவிடும். சிறு வெட்டில் முடிய வேண்டிய வேலை பெரு வெட்டாகிவிடும். வெற்றிலையோடு புகையிலை, சுருட்டு, பீடி இவற்றை எலும்பு பொருந்தும்வரையாவது விடுங்கள். புகையிலை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

காகிதத்தையும் காலைப்போலவே காப்பாற்றுங்கள். விழுந்த அன்றே விபத்தைத் தோட்டப் பதிவில் எழுதச் செய்யுங்கள். எந்த மலை, எத்தனை மணி, யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எக்ஸ்ரேயையும் கிளினிக் துண்டையும் தூக்கி எறியாதீர்கள். தோலுக்கு மேலே தெரியாத முறிவுக்கு அவைதான் சாட்சி. வாசித்துப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். உங்கள் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது தலைவரிடம் கொண்டுவாருங்கள். நிர்வாகம் மறுத்தால் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகும் வழி திறந்தே இருக்கிறது.

நமது கோரிக்கைகள் நான்கு. ஒவ்வொரு டிவிசனிலும் தூக்குப்படுக்கையும் கால் கட்டும் பலகையும் இருக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தப் பழகிய இருவராவது இருக்க வேண்டும். காயப்பட்டவரை ஏற்ற, கொழுந்து நேரத்துக்குக் காத்திராத வாகனம் வேண்டும். வேலைக்குத் திரும்பும் நாளை எக்ஸ்ரே பார்த்த வைத்தியர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். அதுவரை பேர் வெட்டும் பேச்சு எழக்கூடாது. மலையக வைத்தியசாலைகளில் எலும்பு முறிவு நிபுணரும் எக்ஸ்ரேத் திரையும் பிளேட்டுகளும் தட்டுப்பாடின்றி இருக்க அரசு வழிசெய்ய வேண்டும். 2022 நெருக்கடியில் மருந்துக்கும் சத்திரசிகிச்சைப் பொருட்களுக்கும் பட்ட பாடு நமக்கு மறக்கவில்லை. பிளேட்டை வெளியில் வாங்கி வா என்றால், நாட்சம்பளக்காரனிடம் காலை விட்டுவிடு என்று சொல்வதற்குச் சமம்.

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு, இந்த வருடம் கை கால் முறிந்த ஒவ்வொருவரின் பெயரையும், விழுந்த திகதியையும், மறுபடி வேலைக்கு அழைக்கப்பட்ட திகதியையும் தலைவர்மார் எழுதிக்கொண்டு வாருங்கள். கிளினிக் துண்டுகளையும் கொண்டுவாருங்கள். தழும்பைப் பார்த்து அளப்பவர்களின் முன்னால் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டுவோம்.