நோட்டு யார் கையில்?

மே மாதம் பிறந்தால் எண் சண்டை தொடங்கிவிடும். முள்ளிவாய்க்காலில் செத்தது ஏழாயிரமா, நாற்பதாயிரமா, ஒன்றரை லட்சமா? ஒரு தரப்பு கூட்டும், இன்னொரு தரப்பு கழிக்கும். எங்கள் பொம்மையார்பாளையத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள். யாரும் எண் சொல்ல மாட்டார்கள். சித்தப்பா பெயரை, தங்கச்சி பெயரைத்தான் சொல்வார்கள்.

எண்ணத் தெரியாத அரசா அது? 2008 அக்டோபரில் தன் சிப்பாய்களின் சாவுக் கணக்கை வெளியிடுவதை இலங்கை ராணுவம் நிறுத்தியது. வெற்றி அறிவித்த கையோடு, 2006 முதல் ஆறாயிரத்து இருநூறுக்கு மேல் இழந்தோம் என்று சொன்னது. அதாவது நோட்டு இருந்தது, மூடி வைத்திருந்தார்கள். அதே அரசு 2009 தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருந்த மக்கள் சுமார் எழுபதாயிரம்தான் என்றது. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 2,90,000 பேர். மக்கள்தொகையைக் குறைத்துச் சொன்னால் அரிசியையும் மருந்தையும் குறைத்து அனுப்பலாம். செத்த பிறகு, 'அப்படி ஆட்களே அங்கு இல்லையே' என்றும் சொல்லலாம். குண்டு விழுந்த ஆஸ்பத்திரிகளில் நின்று எண் சொன்ன மருத்துவர்களைப் பிடித்து வைத்து, அந்த ஜூலையில் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தி, 'நாங்கள் சொன்னது மிகை' என்று சொல்ல வைத்தார்கள்.

ஐ.நா. யோக்கியமா? 2009 மே 13 வரை 7,721 பேர் இறந்ததாகத் தன்னிடம் இருந்த கணக்கைப் போர் நடக்கும்போது வெளியே வைக்கவில்லை. நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்று அதன் நிபுணர் குழு சொன்னது 2011-இல், எல்லாம் முடிந்த பிறகு.

இப்போது நம் மேடைகளுக்கு வருவோம். 1,46,679 என்ற எண்ணை முழங்காத மே மாதக் கூட்டம் உண்டா? மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் இலங்கை அரசின் விசாரணை ஆணைக்குழு முன்பு வைத்த எண் அது. வன்னியின் மக்கள்தொகையைக் கச்சேரியின் கணக்கிலிருந்தே எடுத்தார். வன்னியில் இருந்தவர்கள் 4,29,059, வெளியே வந்தவர்கள் 2,82,380. மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டார். செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, கேட்டார். பதில் சொல்ல வேண்டியது அரசு. அந்தக் கேள்வியைச் சாவு எண்ணாக்கி மைக்கில் கத்தும்போது, 'மிகைப்படுத்துகிறார்கள்' என்று தப்பிக்கும் வழியை கொழும்புக்கு நாமே திறந்து விடுகிறோம்.

இன்னொன்றையும் இந்த மேடைகள் பேசுவதில்லை. 1977 கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு ஓடிவந்த மலையகத் தமிழர்கள், பெரும்பாலும் நம் சாதி சனம், அங்கே நிலமில்லாக் கூலிகளாகத்தான் கிடந்தார்கள். கடைசி ஆண்டுகளில் புலிகள் கட்டாயமாகப் பிள்ளை பிடித்தபோது வெளிநாட்டுக்கு அனுப்பிக் காப்பாற்றக் காசில்லாதவர்கள் இவர்கள்தான். அந்தப் பிள்ளை செத்தால் ராணுவத்துக்கு ஒரு புலி, மேடைக்கு ஒரு மாவீரன். வீட்டில் போட்டோ மட்டும்.

எங்களுக்கு இது புதிதல்ல. உப்பளத்தில் எங்கள் பெண்கள் சுமந்த நடை மேஸ்திரி நோட்டில் ஒன்றிரண்டு குறைந்தே இருக்கும். சுனாமிக்குப் பிறகு படகையும் வலையையும் எண்ணினார்கள், எங்கள் கூலி போனதை எண்ணவில்லை. பீமா கோரேகான் தூணில் செதுக்கிய 49 பெயர்களில் 22 மகர்களுடையவை. நூறாண்டு கழித்து, 1927-இல் அம்பேத்கர் அங்கே போய் நின்றபோது, செத்தது நம் ஆட்கள் என்று காட்ட அந்தப் பெயர்கள் கல்லில் இருந்தன. வன்னியில் செத்தவர்களுக்கு அப்படி ஒரு கல் எங்கே?

2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார்கள் சாலையோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். போர் முடிந்த நாட்களில் வட்டுவாகலில் ராணுவத்திடம் தங்கள் கையால் ஒப்படைத்த பிள்ளைகளின் பட்டியலைக் கேட்கிறார்கள். அடுத்த மே கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கள். அந்தப் பட்டியலைக் கேட்டுத் தீர்மானம் போடுவதாக இருந்தால் பொம்மையார்பாளையம் காலனியிலிருந்து வண்டி பிடித்து வருகிறோம்.