தெப்பம் மிதக்க வேண்டுமா? கால்வாயைப் பாருங்கள்!

தை மாதம் பிறந்தால் திருப்பரங்குன்றத்தில் தெப்பத் திருவிழா. முருகனும் தெய்வானையும் தெப்பத்தில் வலம் வருவார்கள். காணக் கண்கோடி வேண்டும்!

ஆனால், தெப்பம் மிதக்கக் குளத்தில் தண்ணீர் வேண்டுமே! அது எந்த வழியாக வருகிறது? கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள். குளத்துக்கு நோய் வருவது அந்த வழியில்தான்.

உடம்பும் குளமும்

மனிதனுக்கு வாய் உண்டு. வயிறு உண்டு. கழிவு போக வழி உண்டு. குளத்துக்கும் அப்படித்தான். வரத்துக் கால்வாய்தான் அதன் வாய். தண்ணீரைத் திறக்கவும் அடைக்கவும் மதகு இருக்கிறது. மிஞ்சியதை வெளியேற்ற வடிகால் இருக்கிறது. இவற்றில் ஒன்று பழுதானாலும் குளம் படுத்துவிடும். படிக்கட்டுக்கு வெள்ளை அடித்து என்ன பயன்?

காய்ந்த குளம் நிறைந்தது

மதுரைக்குக் கிழக்கே இருக்கிறது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-ம் ஆண்டில் திருமலை நாயக்கர் வெட்டியது. பரப்பு சுமார் 16 ஏக்கர். நான்கு புறமும் கருங்கல் படிகள். நடுவே மைய மண்டபம்.

இவ்வளவு பெரிய குளம் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்தது! பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடினார்கள். திருவிழாவுக்குத் தெப்பம் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கு "நிலைத் தெப்பம்" என்று பெயர்.

குளம் இடிந்தா போயிற்று? இல்லை! வைகைத் தண்ணீர் வர வேண்டிய வழி தூர்ந்து போயிற்று. மண் மேடிட்டது, குப்பை சேர்ந்தது. பிறகு பனையூர்க் கால்வாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 2021-ம் ஆண்டு தைப்பூசத்தில் தெப்பம் நிறைந்த நீரில் மிதந்தது. மதுரையே திரண்டு பார்த்தது!

வாஷர் சிறிது, நஷ்டம் பெரிது

இந்தக் காலத்து நீச்சல் குளத்துக்கும் இதே விதிதான். அங்கே கால்வாய்க்குப் பதில் குழாய். மதகுக்குப் பதில் வால்வு. பம்பு தண்ணீரை இழுக்கிறது. மணல் வடிகட்டி அழுக்கைப் பிடிக்கிறது.

நாளாக ஆக, குழாய் இணைப்பில் உள்ள ரப்பர் வாஷர் இறுகி விரியும். அந்த இடுக்கு வழியாகப் பம்பு காற்றை இழுக்கும். குளத்தில் குமிழி குமிழியாக வரும். அப்போதே வாஷரை மாற்றினால் செலவு கொஞ்சம். "பார்க்கலாம்" என்று விட்டால் பம்பே கெட்டுவிடும்!

பொய்கையைக் காப்போம்

திருப்பரங்குன்றத்துச் சரவணப் பொய்கை புனிதமான தீர்த்தம். அதிலே சோப்புப் போட்டுத் துணி துவைப்பது சரியா? நின்ற தண்ணீரில் சேர்ந்த அழுக்கு தானாக எங்கே போகும்? மீன்கள் செத்து மிதப்பதைப் பார்த்த பிறகாவது நமக்குப் புத்தி வர வேண்டாமா?

"மழையே இல்லை, என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம். மழை பெய்த ஆண்டிலும் வாய் அடைபட்ட குளம் நிறையாது. "பணம் இல்லை" என்பதும் சரியல்ல. ஆண்டுதோறும் தூர் வாரச் சிறு தொகை போதும். இருபது ஆண்டு சும்மா இருந்துவிட்டுத் திருப்பணி செய்தால்தான் பெருந்தொகை ஆகும்.

குளம் ஒருவர் பொறுப்பு, கால்வாய் இன்னொருவர் பொறுப்பு என்று இருப்பதால்தான் வேலை நடப்பதில்லை. ஒவ்வொரு குளக்கரையிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். தண்ணீர் எந்தக் கால்வாயில் வருகிறது, கடைசியாக எப்போது தூர் வாரினார்கள், பொறுப்பு யாருக்கு? இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் கேள்வி கேட்கலாம். ஐப்பசி மழைக்கு முன்பே வேலை முடிய வேண்டும். வீட்டுக் குப்பையைக் கால்வாயில் கொட்டாமல் இருப்பது நம் கடமை.

குளம் நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளும் ஊறும். பெண்களுக்குக் குடம் தூக்கி அலையும் பாடு குறையும்.

தெப்பம் மிதப்பது ஒரு நாள். அதற்காகக் கவனிக்க வேண்டியது ஆண்டு முழுவதும்!