விண்ணப்ப இலக்கம் விண்ணப்பித்தவருக்கே உரியது

எமது கிராமங்களில், வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருக்கும் ஒருவரேனும் இல்லாத ஒழுங்கையைக் காண்பது அரிது. 1983க்குப் பின் புலம்பெயர்ந்த எம்மவர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டனர். அவர்கள் தம் பெற்றோரை, துணையை, பிள்ளைகளைத் தம்மிடம் அழைக்க முற்படுவது இயல்பே. ஆனால் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்று இங்கிருப்பவரிடம் கேட்டால், "கேஸ் போட்டிருக்கு. நம்பர் ஏஜென்சிக்காரரிட்டத்தான் இருக்கு" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. இந்தப் பதிலைப் பற்றியே இங்கு சிந்திக்க விரும்புகிறோம்.

போவது நல்லதா, இருப்பது நல்லதா என்பது வேறு விவாதம். பிரிந்த குடும்பம் ஒன்றுசேர விரும்புவதை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் தன் பெயரில் உள்ள கோப்பின் இலக்கத்தைக்கூட அறியாமல் ஒருவர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதை ஏற்க முடியாது. காணி உறுதியைத் தரகரின் வீட்டில் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவோமா? விண்ணப்ப இலக்கமும் உறுதியைப் போன்றதே.

இந்த இலக்கங்கள் மந்திரமல்ல. எவரும் வாசித்து விளங்கக்கூடியவை. கனடாவை எடுத்துக்கொள்வோம். அங்கு இரண்டு இலக்கங்கள் உண்டு. ஒன்று விண்ணப்ப இலக்கம். இது ஓர் ஆங்கில எழுத்தும் ஒன்பது எண்களும் கொண்டது. குடும்பப் பிரிவு விண்ணப்பமாயின் 'எஃப்', வருகை விசாவாயின் 'வீ', படிப்பு அனுமதியாயின் 'எஸ்', தொழில் அனுமதியாயின் 'டபிள்யூ' என முதல் எழுத்தே விண்ணப்பத்தின் வகையைச் சொல்லிவிடும். குடும்பத்தோடு சேர்ப்பதாகச் சொல்லிக் காசு வாங்கிய முகவர் காட்டும் இலக்கம் 'வீ' என்று தொடங்கினால், அங்கேயே கேள்வி எழ வேண்டும். மற்றையது ஆளுக்குரிய அடையாள இலக்கம். இது எட்டு அல்லது பத்து எண்களால் ஆனது. விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் முதலாவது இலக்கம் மாறும். ஆளுக்குரிய இலக்கம் மாறாமல் தொடரும்.

அமெரிக்காவில் நடைமுறை வேறு. உறவினர் அங்கு மனுச் செய்ததும் மூன்று எழுத்தும் பத்து எண்களும் கொண்ட பற்றுச்சீட்டு இலக்கம் கிடைக்கும். மனு ஏற்கப்பட்டபின் கோப்பு தேசிய விசா நிலையத்துக்குப் போய்ப் புதிய இலக்கம் பெறும். கொழும்பில் நேர்முகப் பரீட்சை நடக்கவேண்டிய கோப்பாயின் அது 'சீ.எல்.எம்.' என்று தொடங்கும். அதன்பின் நான்கு எண்கள் ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று எண்களிலிருந்து 500ஐக் கழித்தால் கோப்பு அந்நிலையத்தில் திறக்கப்பட்ட நாள் தெரியும். உதாரணமாக 2019, 612 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 112ஆம் நாள்; அதாவது ஏப்ரல் 22. கடைசி மூன்று எண்கள் அன்றைய வரிசை எண்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். இந்த இலக்கம் 'கியூ' இலக்கம் அல்ல. அமெரிக்காவில் சகோதரர் போன்ற பிரிவுகளில் வரிசையைத் தீர்மானிப்பது உறவினர் மனுச் செய்த நாளாகும். அதனை முன்னுரிமைத் திகதி என்பர். எந்தத் திகதிவரை விசா வழங்கப்படுகிறது என்பதை அந்நாட்டு இராஜாங்கத் திணைக்களம் மாதந்தோறும் அறிவிக்கிறது. சகோதரர் பிரிவில் காத்திருப்பு பதினைந்து ஆண்டுகளையும் தாண்டுகிறது. இதை அறிந்தவரிடம், "இன்னும் இரண்டு லட்சம் தந்தால் அடுத்த மாதம் வரும்" என்று எவரும் சொல்ல முடியாது.

இலக்கம் கையில் இருந்தால் கோப்பின் நிலையைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. கனடாவின் அரச இணையத்தளத்தில் இலக்கத்தோடு குடும்பப் பெயர், பிறந்த திகதி, பிறந்த நாடு ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். ஆனால் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரி மாதக்கணக்கில் மாறாமல் இருக்கலாம். அதனால் கோப்புத் தொலைந்துவிட்டதென்று அஞ்ச வேண்டாம். நாளுக்கு மூன்று முறை பார்ப்பதாலும் அது நகராது. இதைவிட விரிவாக அறிய விரும்புவோர்க்கும் வழி உண்டு. 2022 யூலை 14 முதல் கனடாவுக்கு வெளியே வாழ்வோரும் தம்மைப் பற்றிய கோப்பின் விபரங்களைத் தனியுரிமைச் சட்டத்தின்கீழ் இலவசமாகக் கேட்டுப் பெறலாம்.

இலக்கம் முகவரிடம் மட்டும் இருப்பதால் வரும் கேடுகள் பல. கணக்கைத் தன் மின்னஞ்சலில் திறந்தவர் அவராயின், மேலதிக ஆவணம் கேட்டு வரும் கடிதமும் அவருக்கே போகும். அவர் பாராமுகமாய் இருந்தால் குறித்த நாள் கடந்துவிடும், விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அதைவிடப் பெரிய ஆபத்து, எமது பெயரில் அவர் என்ன எழுதினார் என்பது எமக்குத் தெரியாமற் போவதாகும். முன்னர் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தை மறைத்தாலோ, இல்லாத தொழிலை எழுதினாலோ, கனடாச் சட்டம் அதைப் பொய்த் தகவலாகக் கொண்டு ஐந்து ஆண்டுகள் தடை விதிக்கும். தடை விழுவது முகவர்மீதல்ல, கையொப்பமிட்டவர்மீதே.

காசு பெற்றுக்கொண்டு கனடா விண்ணப்பத்தில் ஒருவரைப் பிரதிநிதித்துவப்படுத்த, அங்குள்ள சட்டச் சங்கங்களின் உறுப்பினர், கியூபெக் நொத்தாரிசு, உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர் ஆகியோருக்கே சட்டம் இடமளிக்கிறது. இலங்கையில் இருந்துகொண்டு காசு வாங்குபவருக்கும் இது பொருந்தும். பிரதிநிதியை நியமிக்கும் படிவம் ஐ.எம்.எம். 5476. அதே படிவத்தால் அவரை விலக்கவும் விண்ணப்பதாரருக்கு உரிமை உண்டு. படிவத்தில் தன் பெயரை எழுத மறுத்துக் காசை மட்டும் வாங்குபவரிடம் விழிப்பாய் இருத்தல் நன்று.

கிராம அபிவிருத்தி பேசும் ஏட்டில் விசா இலக்கத்துக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். எமது தோட்டங்களைப் பாருங்கள். 'இண்டைக்கோ நாளைக்கோ வந்திடும்' என்ற எண்ணத்தில் கிணறு இறைக்கப்படாமல் கிடக்கிறது. தென்னம்பிள்ளை வைப்பதில்லை, வேலி அடைப்பதில்லை. பிள்ளை தொழிற்பயிற்சியை இடைநடுவில் விட்டுவிடுகிறான். கூட்டுறவுச் சங்கத்தில் பொறுப்பேற்கக் கேட்டால், 'நாங்கள் போகப்போற ஆக்கள்' என்று ஒதுங்குகின்றனர். காத்திருப்பின் நீளம் தெரியாதபோது வாழ்க்கையே நின்றுவிடுகிறது. இன்னும் ஐந்து ஆண்டு செல்லும் என்று திட்டமாகத் தெரிந்தவரோ அந்த ஐந்து ஆண்டுக்கும் பயிர் செய்வார், பிள்ளையைப் படிப்பிப்பார், வட்டிக்கு வாங்கி முகவருக்குக் கொடுப்பதை நிறுத்துவார். இதனாலேயே இதனை அபிவிருத்திப் பிரச்சினை என்கிறோம்.

பங்குகளும் கிராம சங்கங்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. ஞாயிறு வழிபாட்டின் பின் ஒரு மணி நேரம், ஆங்கிலமும் இணையமும் அறிந்த இளைஞர் இருவர் மேசையிட்டு அமரலாம். வருவோருக்கு ஏற்புக் கடிதத்தை வாசித்துக் காட்டி, இலக்கத்தை அவரவர் கொப்பியில், அவரவர் கையாலேயே எழுதச் செய்யலாம். இளைஞர் எவரது இலக்கத்தையும் தம்மிடம் வைத்திருத்தல் ஆகாது. அவர்கள் இன்னொரு முகவராகிவிடக் கூடாது. இலக்கமும் பிறந்த திகதியும் அறிந்த எவரும் கோப்பைப் பார்க்க இயலுமாதலால், அவற்றை முகநூலில் இடுவதும் பிறருக்கு அனுப்புவதும் கூடாது. அங்குள்ள உறவினரும் பணம் அனுப்புவதோடு நில்லாது, கடிதங்களின் பிரதிகளை இங்குள்ளவருக்கு நேரே அனுப்பவேண்டும்.

இந்தப் பழக்கம் வெளிநாட்டு விண்ணப்பத்தோடு முடிந்துவிடப் போவதுமில்லை. காணி அனுமதிப்பத்திரம், வீட்டுத் திட்டம், நட்டஈடு என எமது அலுவலகங்களிலும் எத்தனையோ கோப்புகள் உறங்குகின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவற்றைப் பற்றிக் கேட்கும் உரிமையை எமக்குத் தந்துள்ளது. கொடுத்த கடிதத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேட்கவும், அதன் இலக்கத்தைக் குறித்துவைக்கவும் கற்றுக்கொண்டவர் பிரதேச செயலகத்திலும் தலை நிமிர்ந்து நிற்பார்.

நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பான் என நம்புகிறோம். அலுவலகங்களோ எம்மை இலக்கத்தாலேயே அறிகின்றன. அப்படியாயின், அந்த இலக்கத்தையாவது முகவரின் மேசை லாச்சியிலிருந்து எடுத்து, உரியவரின் கையில் கொடுப்போம்.