வட்டிக்காரர் வாசலுக்கு அவரை அனுப்புவது யார்?

சகோதரர்களே! நீங்கள் வட்டியை வெறுப்பவர்கள். அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் நம் ஜமாஅத் நடத்தும் நர்சரிப் பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் சகோதரி, மாதக் கடைசியில் யாரிடம் கை நீட்டுகிறார் என்று என்றைக்காவது விசாரித்ததுண்டா?

பட்டம் படித்தவர். ஆனால் பல ஊர்களில் அவருடைய சம்பளம், உங்கள் கடைச் சிப்பந்தியின் சம்பளத்தைவிடக் குறைவு! வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும் அது எட்டுவதில்லை. பத்துப் பெண்களோடு சேர்ந்து குழுக்கடனில் கையெழுத்திடுகிறார். ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் தலையில் விழும்.

சிறுகடன் ஏழைப் பெண்ணை உயர்த்துகிறது என்கிறார்கள். வியாபாரிகளே, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய் கடன். வாரம் 225 வீதம் 50 வாரம். மொத்தம் 11,250. 'பன்னிரண்டரை சதவீதம்தான்' என்பார்கள். அசல் வாராவாரம் குறைகிறதே! உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 25 சதவீதம். தையல் இயந்திரம் வாங்கினால் அது சம்பாதித்துக் கொடுக்கும். அரிசிக்கும் மருந்துக்கும் வாங்கிய கடன் எதைச் சம்பாதிக்கும்? அதே அரைச் சம்பளத்திலிருந்துதானே தவணை போக வேண்டும்!

2010-ல் ஆந்திராவில் இந்தக் கடன் வசூலின் கொடுமையால் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்து, அரசு அவசரச் சட்டமே போட்டது. 2022-ல் ரிசர்வ் வங்கி, குறுங்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டது.

வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்குகிறோம். உழைத்தவரின் கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன நபிமொழியை மட்டும் ஏன் மெதுவாகச் சொல்கிறோம்? கூலியை அரைகுறையாகக் கொடுத்துவிட்டு, வட்டி வாங்கியதற்காக அந்தப் பெண்ணையே குறை கூறுவது எந்த நியாயம்?

முடியாத காரியமா இது? 2001-ல் லாகூரில் அம்ஜத் ஸாகிப் தொடங்கிய 'அகுவத்', பள்ளிவாசலிலேயே வைத்து வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. முதல் கடன் ஒரு விதவைக்கு. தொகை வெறும் 10,000 ரூபாய்! அங்கே முடிந்தது நம் பைத்துல்மாலால் ஏன் முடியாது? ஒரு வலீமாவின் பந்தல் செலவில் எத்தனை ஆசிரியைகளுக்கு அழகிய கடன் கொடுக்கலாம்! தவணை தவறினால், கடன்பட்டவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அல்பகரா 280-வது வசனம்.

ஆனால் ஒன்று. கடன், சம்பளத்துக்கு மாற்று அல்ல. முதலில் நியாயமான சம்பளம், பிறகுதான் கடன். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2009-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2022-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நம் பள்ளிகளில் எத்தனை பேருக்கு அது கிடைத்திருக்கிறது?

இளைஞர்களே! வரும் ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகிகளிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். ஆசிரியைகளின் சம்பளம் எவ்வளவு? பைத்துல்மாலில் அவர்களுக்கென்று எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? பதில் கிடைக்கும்வரை விடாதீர்கள். மறுமையில் இதே கேள்வி நம் எல்லோரிடமும் கேட்கப்படும்!