ஓம் விதி தெரியும், மோட்டார் ஏன் எரிந்தது என்று தெரியாது

எங்கள் சித்தப்பாவுக்கு சேத்தியாத்தோப்புப் பக்கம் கொஞ்சம் கரும்பும் கொஞ்சம் நெல்லும். போர்வெல்லில் 5 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார். ஒரு நாள் காயில் எரிந்துவிட்டது. ஊரே லோ வோல்டேஜ் லோ வோல்டேஜ் என்று புலம்பிக்கொண்டிருந்த நேரம் அது. என்னைப் பார்த்ததும் சித்தப்பா கேட்டார்.

"டேய் தம்பி, நீதான் கரண்டைப் பத்தியெல்லாம் படிக்கிறியே. வோல்டேஜ் கம்மியா வந்தா மோட்டார் மெதுவாத்தானே ஓடணும்? ஏன்டா எரியுது?"

பத்தாம் வகுப்பில் ஓம் விதிக் கணக்கில் ஒரு மார்க் கூட விடாதவன் நான். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் திறன். அந்தத் தைரியத்தில், "வோல்டேஜ் குறைஞ்சா கரண்டும் குறையும் சித்தப்பா, அதனால எரியாது, வேற ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டேன். காயில் கட்ட வந்த மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் நின்று சிரித்தார். "வோல்டேஜ் குறைஞ்சா மோட்டாரு கரண்ட அதிகமாத்தான் இழுக்கும் தம்பி. டாங் டெஸ்டர மாட்டிப் பாரு, தெரியும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

மோட்டார் என்பது வெறும் மின்தடை இல்லை. காயிலின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்தால் சில ஓம்தான் காட்டும். 415 வோல்ட்டை அதால் வகுத்துப் பாருங்கள், நூறு ஆம்பியர் பக்கத்தில் வரும். ஆனால் ஓடுகிற 5 எச்.பி. மோட்டார் முழு லோடில் எடுப்பது சுமார் 7.5 ஆம்பியர். ஓடும்போது உள்ளேயே ஒரு எதிர் மின்னழுத்தம் உருவாகி கரண்டைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. பம்பு கேட்கிற வேலை அப்படியே இருக்க, வோல்டேஜ் 330-க்கு இறங்கினால் அதே வேலைக்கு கரண்ட் ஏறக்குறைய 9.5 ஆம்பியராக ஏறும். காயிலில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக சூடு ஒன்றரை மடங்குக்கும் மேல். வார்னிஷ் எத்தனை நாள் தாங்கும்?

இதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய ஃப்யூஸோ பேசவே இல்லை. பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பொம்மை, அகல் விளக்கோடு மின்சாரத்துக்கான பீங்கான் சாமான்களும் அங்கே செய்கிறார்கள். பீங்கான் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதற்குள் கம்பியை இரண்டாக முறுக்கிப் போட்டிருந்தது சித்தப்பா!

சரி, வோல்டேஜ் ஏன் குறைகிறது? பாடப்புத்தகத்துக் கணக்கு உண்மையிலேயே உதவும் இடம் இதுதான். ஆனால் இதை யாரும் வகுப்பில் போட்டதில்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஐந்து மோட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். லைன் கம்பி கிலோமீட்டருக்குச் சுமார் 0.9 ஓம். ஒவ்வொரு பேஸிலும் 37.5 ஆம்பியர். பெருக்கினால் ஒரு பேஸுக்கு ஏறக்குறைய 34 வோல்ட் கம்பியிலேயே போய்விடுகிறது. 415 கிளம்பினால் கடைசி வயலுக்கு 357 பக்கத்தில்தான் வந்து சேரும். 6 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது என்று 1956-ம் வருட மின்சார விதிகளிலேயே இருந்தது. அதாவது 390.

திறனையும் போட்டுப் பாருங்கள். மூன்று கம்பியிலும் சேர்த்து வீணாவது சுமார் 3,800 வாட். ஐந்து குதிரைத்திறன்! ஐந்து மோட்டார் ஓட, ஆறாவது மோட்டாருக்கான சக்தி கொக்கு உட்காரும் கம்பியைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் என்பதால் இந்தக் கணக்கை நாம் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. காயில் கட்டுகிற கூலி மட்டும் இலவசமில்லை. 11,000 வோல்ட் லைனையே வயல் வரை இழுத்துச் சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்தால், அதே திறனுக்கு கரண்ட் 26-ல் ஒரு பங்காகவும் அந்தத் தூரத்து இழப்பு 700-ல் ஒரு பங்காகவும் குறையும். நெய்வேலி அனல் மின் நிலையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாம் கேட்க வேண்டியது இதைத்தான். "கரண்ட் சரியில்லை" என்று மொட்டையாகச் சொன்னால் யார் காதில் விழும்? "எங்கள் வயலில் 350 வோல்ட், விதிப்படி 390 வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

என் கோபம் எல்லாம் நாம் படித்த விதத்தின் மேல்தான். எங்கள் லேபில் அம்மீட்டரைத் தொட்டவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் எல்லாம் ரீடிங்கைப் பார்த்து எழுதினோம், நான் உட்பட. கிராஃப் நேர்க்கோடாக வராவிட்டால் ரீடிங்கைத் திருத்தினோம். ஜெர்மனியில் ஓம் இந்த விதியைக் கண்டுபிடித்தபோது அவரும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான். வெவ்வேறு நீளக் கம்பிகளை மாற்றி மாற்றி அளந்துதான் 1827-ல் புத்தகமாக எழுதினார். முதலில் அளவு, அப்புறம்தான் சூத்திரம். நம்மிடம் தலைகீழ்.

வீட்டில் பழைய 60 வாட் குண்டு பல்பு கிடந்தால் மல்டிமீட்டரில் மின்தடையை அளந்து பாருங்கள். புத்தகக் கணக்குப்படி 230 வோல்ட்டில் 882 ஓம் வரவேண்டும். மீட்டர் 60, 70 ஓம்தான் காட்டும். மீட்டரும் சரி, கணக்கும் சரி! எரியும்போது டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரிக்கும் மேல் சூடாகி, மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும் நொடியில் ஃப்யூஸ் ஆவதும் இதனால்தான். பரீட்சையில் இதைக் கேட்டால் எத்தனை பேர் எழுதுவோம்? சூத்திரம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று தெரியாமல் நூற்றுக்கு நூறு வாங்கி என்ன பயன்? மெக்கானிக் அண்ணன் எட்டாவதோடு நிறுத்தியவர்.

சித்தப்பா இப்போது ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வோல்ட் மீட்டர் மாட்டியிருக்கிறார். ஃப்யூஸில் ஒற்றைக் கம்பிதான். முள் 370-க்குக் கீழே நின்றால் சுவிட்சைத் தொடுவதில்லை, வரப்பில் உட்கார்ந்துவிடுகிறார். போன வாரம் போன் செய்து, "தம்பி, இன்னிக்கு 362" என்றார்.