கோல்மனுக்குச் சட்டம் என்ன செய்தது?

கல்லூரி விழா ஒன்றில் ஒரு மாணவன் பழைய பாட்டுத் துண்டுகளை வெட்டி அடுக்கி ரீமிக்ஸ் போட்டான். நடுவராக வந்தவர் மைக்கைப் பிடித்து, "இதெல்லாம் திருட்டு, தம்பி" என்றார். அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ரீமிக்ஸ்காரன் திருடன், காப்புரிமைச் சட்டம் கலைஞனுக்குக் காவல். இந்தப் பாட்டை இன்னும் எத்தனை காலம் பாடப்போகிறோம்?

கிரிகரி கோல்மன் கதையைக் கேளுங்கள். 1969-இல் அமெரிக்காவின் 'தி வின்ஸ்டன்ஸ்' குழு 'ஆமென், பிரதர்' என்ற வாத்திய இசையை வெளியிட்டது. அதுவே ஒரு பழைய கிறிஸ்தவப் பாடலை வேகமாக்கி வாசித்ததுதான். நடுவில் மற்ற வாத்தியங்கள் நிற்க, கோல்மன் மட்டும் ஆறேழு விநாடி டிரம்ஸ் வாசித்தார். 1980-களில் ஹிப்ஹாப் இளைஞர்கள் அந்தத் துண்டைக் கண்டெடுத்தார்கள். பிறகு பிரிட்டனில் அதைத் துண்டுதுண்டாக நறுக்கி, வேகம் கூட்டி, வரிசை மாற்றினார்கள். ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே அதன்மேல் எழுந்தன. இதில் படைப்பு இல்லை என்பவர் எதைக் கேட்டுவிட்டுப் பேசுகிறார்?

சரி, சட்டம் கோல்மனுக்கு என்ன கொடுத்தது? ஒன்றுமில்லை. வாசித்தவர் அவர்; உரிமை குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் இருந்தது. கோல்மன் 2006-இல் வீடு வாசல் இன்றி இறந்தார். அந்தத் துண்டுக்காக ஸ்பென்சருக்கும் பல்லாண்டுகள் ராயல்டி வரவில்லை. 2015-இல் சுமார் 24,000 பவுண்டு கிடைத்தது. அதைத் திரட்டித் தந்தவர்கள் பிரிட்டன் டிஜேக்களும் ரசிகர்களும். நீங்கள் திருடர் என்கிற கூட்டம்தான் அது!

1991-இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி பிறர் பாட்டிலிருந்து துண்டெடுத்த (சாம்பிள்) வழக்கில் நியூயார்க் நீதிபதி 'திருடாதே' என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் காசுள்ள கம்பெனி சாம்பிள் எடுத்தால் கலை, காசில்லாத பையன் எடுத்தால் களவு. நாமும் அப்படித்தான். 2007-இல் 'அழகிய தமிழ்மகன்' படத்தில் 'பொன்மகள் வந்தாள்' ரீமிக்ஸாக வந்தபோது தியேட்டரில் ஆடியவர்கள்தானே நாம்?

பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று நம் நாட்டுச் சட்டம் சொன்னதே 2012-இல்தான். அதற்கு முன் அவர்கள் இழந்ததை எந்த ரீமிக்ஸ்காரன் கொண்டுபோனான்? கோடம்பாக்கத்தில் தபலாவும் வயலினும் வாசித்தவர்களில் எத்தனை பேரின் பெயர் இசைத்தட்டு உறையில் வந்தது? அவர்களும் கோல்மன்கள்தான்.

ரீமிக்ஸுக்குக் கட்டணம் வாங்குங்கள், தாராளமாக. அதில் வாசித்தவனுக்கும் ஒரு பங்கு கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால், கலைஞன் பெயரைச் சொல்லி வசூலிக்காதீர்கள்.